கழுவின வால்வும் அப்பாவோட காதும்

அம்பிட்டிய
9.2.1980

அன்புள்ள மகன் வில்பிரட்டுக்கு அம்மா எழுதுறது. மாதா புண்ணியத்துல நானும் அப்பாவும் சுகம், அந்த டுபாய் வெயில்ல நீயும் சுகமா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன், வெளியில போனா தலையில துணி கட்டிக்கிட்டுப் போ. சுகம்னு எழுதவே கை கூசுது மகன், ஏன்னா அப்பா தனக்குக் காது போயிருச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார், அவர் காதுக்கு ஒண்ணுமே இல்ல, எல்லாம் இந்தப் பாவி செஞ்ச வேலை.

நத்தாருக்கு வீடு சுத்தம் பண்ணினப்ப அப்பா புசல்லாவையில உன் அத்தை வீட்டுக்குப் போயிருந்தார். ரெக்கோட் பாட்டுச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்க நீ கையால செஞ்சு வச்சிட்டுப் போன ப்ரீ அம்ப் பெட்டியைத் தொறந்து தூசி தட்டினேன், உள்ள பல்பு மாதிரி இருக்கிற ரெண்டு கண்ணாடி வால்வும் உச்சியில கறுத்துப் போய் இருந்துச்சு. லாம்புக் கண்ணாடி மாதிரி கரி பிடிச்சிருக்குன்னு நினைச்சு, கழட்டி சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய் தேய்னு தேச்சேன். கறுப்பு உள்பக்கமாம், அது போகல, மேல இருந்த எழுத்துத்தான் போச்சு. தேச்ச வேகத்துல ஒண்ணு உடைஞ்சும் போச்சு. மத்ததை லேஞ்சியில சுத்திக்கிட்டு கெலிஓயாவுல ரேடியோ திருத்துற றிஸ்விகிட்ட ஓடினேன். அவர் நம்பரைக் கேட்டார், நம்பர் எங்க இருக்கு, சாம்பலோட போயிருச்சே. மேசையில மூணு வால்வை எடுத்து வச்சார், மூணும் ஒரே உயரம், ஒரே மாதிரிக் கால், மூணுமே அந்தக் குழியில உக்காருமாம், ஆனா ஒண்ணு சத்தத்தை நல்லாத் தூக்கிக் கொடுக்குமாம், ஒண்ணு நடுத்தரமாம், ஒண்ணு கொஞ்சந்தான் தூக்குமாம். தெரியாம எடுக்காதீங்க, மகனுக்கு எழுதிக் கேட்டுட்டு வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னார். அப்பா அன்னைக்குப் பின்னேரம் வந்துருவாரே. எல்லாம் தெரிஞ்சவ மாதிரி, இதுதான்னு பளபளன்னு இருந்ததைக் காட்டினேன், புடவைக் கடையில எடுக்கிற மாதிரி.

அப்பா வந்து ரெக்கோட் போட்டார், சத்தம் கம்மி. சத்தக் குமிழை முறுக்கினார், இன்னும் முறுக்கினார். என் மகன் செஞ்ச பெட்டியில பிழை வராது, என் காதுலதான் பிழைன்னார். அந்த நேரமே சொல்லியிருக்கணும், வெக்கம் வாயைக் கட்டிருச்சு. அதுக்குப் பிறகு பஸ்ஸுல கொண்டக்டர் சொன்னது விளங்கலன்னாலும் காதுதான், நான் முணுமுணுத்தாலும் காதுதான். டொக்டர்கிட்ட வரமாட்டாராம், வயசு போனா இப்படித்தானாம். நானும் பொய்யைக் காப்பாத்த அவர்கூடக் கத்திக் கத்திப் பேச ஆரம்பிச்சேன், என்ன பொம்பள நான்! போன ஞாயித்துக்கிழமை பாதர்கிட்ட போய், தவக்காலம் வருது, கோயில் பாட்டுக்குழுவை நடத்த வேற ஆளைப் பாருங்க, சுதி கேக்காதவன் முன்னால நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்துட்டார். வந்து ரெக்கோட் எல்லாத்தையும் அலுமாரியில வச்சுப் பூட்டினார்.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே, முன்னால கதிரையில இருந்த மனுசன் குசினியில பால் பொங்குதுன்னு எழும்பி ஓடுறார், குசினிக்குப் பக்கத்துல இருக்கிற எனக்குக் கேக்கல. திரும்பி வந்து யாருக்கு எழுதுறன்னு கேட்டார். மகனுக்குன்னு சொன்னேன், கத்தணும்னு மறந்து மெதுவாச் சொல்லிட்டேன். என் மூஞ்சையே பாத்தார். கோவம் தீந்துருச்சா றீற்றா, செவிட்டுப் புருசன்னு வெறுத்துப் போய்த்தான் இவ்வளவு நாளும் கத்துறன்னு நினைச்சேன்னார். ஐயோ மகனே, அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஏசுவார்னு பாத்தேன், ஏசல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். குடையை எடுத்துக்கிட்டு கோயில் பக்கமா இறங்கிப் போறார், வாறேன்னுகூடச் சொல்லல.

மாதா உன்னை ஒரு குறையும் இல்லாம வச்சிருக்கட்டும். வால்வு நம்பரை உடனே எழுது மகன். எனக்கு எழுதாத, அப்பா பேருக்கே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
றீற்றா