சாம்பல் கோடு விழுந்த பீட்

இன்று காலை உன் டிராயரைத் திறந்தேன். பழைய தைல டப்பா ஒன்று உருண்டு வந்தது. மூடியைத் திருகியதும் வாசனை சுரீரென்று மூக்கில் ஏறியது. உள்ளே, பஞ்சின் மேல், உன் பீட். ஒரு விரற்கணு நீளக் காந்தத் துண்டு. குடுவைக்குள் போட்டால் சுற்றிச் சுற்றிக் கலக்கும். நம் ஆய்வுக்கூடத்தில் இதுபோல நூறு கிடக்கும். யாரும் ஒன்றைப் பொத்திப் பொத்தி வைக்க மாட்டார்கள். நீ வைத்தாய். வெள்ளைப் பூச்சில் அதே சாம்பல் கோடுகள். டப்பாவை மூடிவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது எனக்கு.

ஓடவில்லை. இப்போது என் எதிரில் இரண்டு குடுவைகள் சூடாகிக்கொண்டிருக்கின்றன. இரண்டிலும் நீ கண்டுபிடித்த வேதிவினைதான், ஒரே அளவு, ஒரே சூடு. ஒன்றில் உன் பீட், மற்றதில் புதியது. மாலை வரை காத்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பல்லேடியம் என்ற உலோகத்தில் வேலை செய்துவிட்டுப் போன ஒரு சீனியர் விட்டுச்சென்ற பீட் அது. குடுவையில் போடுமுன் அதை உன் நெற்றியில் ஒரு தட்டு தட்டுவாய். "இவன் எறங்கினாத்தான்மே வேலை நடக்கும்" என்பாய்.

"ஏழுமலையானுக்கு அடுத்து இவன்தானா?" என்று நான் சீண்டுவேன்.

"உங்க சித்தூர் சர்ச்சுல இவனுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தேன், இன்னா இப்போ?"

திருப்பதிக்கு வந்தும், தெலுங்கே ஒலிக்கும் அந்தக் கூடத்தில் தமிழில் சண்டை போட எனக்கு நீ, உனக்கு நான். எவ்வளவு சிரித்திருக்கிறோம்! அந்தச் சிரிப்பிலேயே விஷயம் இருந்திருக்கிறது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

நைட்ரஜன் உள்ள ஒரு மூலக்கூறு வளையத்தை இன்னொரு வளையத்தோடு ஒட்டவைக்கப் பல்லேடியம் வேண்டும். விலை யானை விலை. மருந்தில் கொஞ்சம் தங்கிவிட்டாலும் வம்பு. போதாததற்கு அந்த நைட்ரஜன் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு வேலையே செய்யவிடாது. நீ பல்லேடியமே இல்லாமல், வெறும் செம்பை வைத்து ஒட்டிக் காட்டினாய். கைடு உன்னைக் கூப்பிட்டு எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நாராயணவனத்திலிருந்து உன் நைனா ஒரு கூடை மாம்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

ஆய்வேட்டைக் கொடுக்குமுன் வேறொருவர் கையால் ஒருமுறை செய்து பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அது நம் கூடத்து வழக்கம். நீ பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தாய். நான் செய்தேன். கைக்கு வந்த புது பீட் ஒன்றைப் போட்டேன். சாயங்காலம் சோதனைத் தட்டை விளக்கின் கீழ் பிடித்தால் போட்ட சரக்கு போட்டபடியே இருந்தது. புதுப் பொருள் உருவானதைக் காட்டும் நீலப் புள்ளியே இல்லை.

மறுநாள் உன் டிராயரிலிருந்து இவனை எடுத்துப் போட்டேன். வந்தது. பளிச்சென்று நீலப் புள்ளி.

இந்த பீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது. தெரியாது என்று சொன்னால் அது பொய். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய். பின்னால் உன் வீட்டுச் சந்தடி, குக்கர் விசில்.

"வந்துச்சாமே?"

"வந்துச்சு" என்றேன்.

முதல் நாள் செய்ததை நோட்டில் எழுதவே இல்லை. என் கைப் பிசகு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் முகம் வாடிவிடுமே என்று பயந்தேன். கோழை நான், வேறென்ன?

நீ பட்டம் வாங்கிய நாலாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டாய். உன் நைனா ஆய்வேட்டின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். ஞாயிறுதோறும் எனக்குப் போன் வரும். "பாப்பா கண்டுபுடிச்சது இன்னும் ஓடிக்கினு தானம்மா கீது?" என்பார். ஓடுகிறது என்பேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொய்.

இப்போது உன் மேசையில் புத்தூர்ப் பெண் ஒருத்தி. உன் வினையை வைத்துத்தான் அவள் மேலே கட்ட வேண்டும். எட்டு மாதமாக முட்டிக்கொள்கிறாள். "மள்ளி ராலேதக்கா" என்று தினமும் வந்து நிற்பாள், மறுபடியும் வரவில்லையாம். நேற்று கைடு எல்லோர் முன்னாலும், "உன் கை சரியில்லம்மா, இந்த வேலை உனக்கு வேணாம்" என்றுவிட்டார். ஊருக்கே போய்விடுகிறேன் என்று பை கட்டிவிட்டாள். அவள் கையில் ஒரு குறையும் இல்லை. அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும்.

மணி ஐந்து. தட்டைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

உன் பீட் போட்டதில் நீலப் புள்ளி. புதியதில் வெறுமை. செம்பு ஒன்றுமே செய்யவில்லை. அந்தக் கோடுகளுக்குள் சீனியரின் பல்லேடியம் புகுந்து ஒட்டிக்கொண்டு, இத்தனை காலமும் அதுதான் வேலை பார்த்திருக்கிறது. நீ யாரையும் ஏமாற்றவில்லை. நெற்றியில் தட்டிப் போட்ட விளையாட்டு உன்னையே ஏமாற்றிவிட்டது. உனக்குச் சொல்லியிருந்தால் நீயே ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பாய், இதைவிடப் பெரிய ஆய்வேடாக எழுதியிருப்பாய். அதற்கு வழியில்லாமல் செய்தவள் நான்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இரண்டு தட்டுகளையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "அப்போ என் கை?" என்றாள். "உன் கை நல்ல கைதான்" என்றேன். அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு கைடு அறைக்குப் போய் என் பழைய கையெழுத்தைக் காட்டி எல்லாம் சொன்னேன். ஆய்விதழில் வந்த உன் கட்டுரையைத் திரும்பப் பெற நாளைக்கே எழுதுவாராம். அதற்குப் பிறகு என்னென்ன வருமோ, தெரியாது. என் கையெழுத்துக்கு என்ன ஆகும் என்று கேட்காமலே வெளியே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் நைனா போன் செய்வதற்குள் நானே நாராயணவனம் போய்விடுவேன். அந்தச் சட்டத்தின் எதிரில் நின்றுதான் சொல்ல வேண்டும். தைல டப்பா என் பையில் இருக்கிறது.

ஆனால் வந்துச்சா என்று முதலில் கேட்டவள் நீ. அதனால் உனக்குத்தான் முதலில்.

வரலமே. அன்னிக்கே வரல.