பொட்டலில் ஒரு வரகுக்கோழி

தென்காசி. ஐப்பசி, ஞாயிறு.

காலையில் கீழப்பாவூர் தாண்டிய பொட்டலில் வரகுக்கோழியைப் பார்த்தேன். இப்போதெல்லாம் குஜராத்துப் பக்கம்தான் தென்படும் பறவை. உடைமரத்தடியில் தனியாக நின்றது. ஒரு படம் துல்லியமாக விழுந்திருக்கிறது.

படத்தில் பின்னால் குற்றாலத்து மலை. அதைப் பார்த்தாலே எங்கள் பறவை குரூப்பில் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். போன வருடம் இப்படித்தான் ஓர் ஆந்தைக் கூட்டின் இடம் தெரிந்து கார்கள் வரிசைகட்டின. ஆந்தை கூட்டை விட்டே போய்விட்டது. அதனால் படத்தில் மலையை வெட்டிவிட்டுப் பறவையை மட்டும் குரூப்பில் போட்டேன். போடாமலே இருந்திருக்கலாம். யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது.

உடனே துபாயிலிருந்து சாகுல் கூப்பிட்டான். இதே பறவையைத் தேடி அதே பொட்டலில் என்னோடு வருடக்கணக்கில் அலைந்தவன்.

“ஏலே, எங்கிட்ட சொல்லாமலே குஜராத்துக்குப் போயிட்டியா?”

உண்மையைச் சொன்னால் சந்தோஷத்தில் ஊருக்கே சொல்லிவிடுவான். “ஆமாலே” என்றேன்.



“அப்போ நம்ம பொட்டல்ல அது கெடையாதுலே. லீவுக்கு வந்தா பாத்துரலாம்னு இங்கன படுத்துக்கிட்டு நெனச்சுக்கிட்டே கெடக்கேன்.”

பேசிக்கொண்டே, மலையை வெட்டாத முழுப் படத்தைத் திறந்தேன்.

“சரி விடு. நீயாச்சும் பாத்துட்டியே” என்று வைத்துவிட்டான்.

மலையோடு இருக்கும் படத்தை இன்னும் மூடாமல் வைத்திருக்கிறேன்.