குஞ்சு பறக்கும் மட்டும்

புந்தோங், ஈப்போ

அன்பு மகன் லயனலுக்கு,

ஆண்டவர் இரக்கத்தால் நானும் அப்பாவும் இங்கே சுகம், அந்த நியூசிலாந்துக் குளிரில் நீயும் நெஞ்சுச் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் தங்கச்சி பமேலாவுக்குத் தஞ்சோங் மாலிமில் பரீட்சை நடக்கிறது, அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நடக்கச் சொன்னால் மட்டும் வலிக்கிறது. உன் விசயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் நீ, ஆடு அறுக்கிற ஆலையிலேர்ந்து வந்து முட்டி போட்டா ஜெபம் வரலம்மா, ஆட்டுக் கண்ணுதான் வருது, வேலைய விட்டுடவா என்று கேட்டாய். நல்ல சம்பளம்லா, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு என்றேன். அன்றிலிருந்து மனசுக்குள் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது.

லகாட்டில் நம் பழைய கடைவீட்டு மாடியைப் பறவைக்கூட்டுக்கு விட்டிருக்கிறோமே, செவ்வாய்க்கிழமை அங்கே கூடு எடுக்கப் போனேன். சீனப் பெருநாள் வருகிறது, குருவி எச்சிலால் கட்டின கூட்டைச் சூப் வைத்துக் குடிப்பார்களே, அதற்கு விற்க எல்லாக் கூடும் உடனே வேண்டும் என்று கூடு வாங்கும் தவுக்கே சொங் வாசலிலேயே நிற்கிறார். உள்ளே பகலிலும் இருட்டு, புகை மாதிரி ஈரம், தலைக்கு மேல் மழை பெய்வது போல் சிறகுச் சத்தம். ஏணியில் ஏறிக் கூட்டைச் சுரண்டக் கை வைத்தால் உள்ளே குஞ்சு. ரோமம் இல்லை, கண் திறக்கவில்லை, சூடு மட்டும் இருக்கிறது. என் விரலைத் தாயின் அலகு என்று நினைத்து வாயைத் திறந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, ஏணியும் சுவரும் கரைந்துபோய் நானும் அந்த இருட்டில் எவர் கையிலோ இருக்கிற மாதிரி இருந்தது. ஜெபமாலை உருட்டும்போதே கடைச் சரக்கை நினைக்கிறவள் நான், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே ஜெபம் நடந்தது.

கீழே இறங்கி, குஞ்சு பறக்கும் மட்டும் கூடு இல்லை என்றேன். புரோங் சாஜாலா, வெறும் பறவைதானே அக்கா, இப்படி யாவாரம் பண்ணா நீங்க சர்ச்சுலயே போய் உக்காந்துக்கலாம் என்று சொங் சிரித்தார், நான் சிரிக்காததால் வேறு ஆளிடம் போய்விட்டார். திரும்பி வருவாரா தெரியாது. நட்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் துறவியும் ஆகிவிடவில்லை, ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு வைக்கத்தான் போகிறேன். ஆனால் கை தானாகப் பின்வாங்குகிற இடத்தில் அதைப் பிடித்துத் தள்ளக் கூடாது லயனல், ஆண்டவர் நம்மிடம் வாய் திறப்பது அங்கேதான் என்று எனக்குப் படுகிறது. உன் கை பின்வாங்கிவிட்டது, நான்தான் தள்ளினேன். அந்த வேலையை விட்டுவிடு. பழத்தோட்டத்தில் கிடைத்தால் பார், கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது.

மாதா உன்னை விட்டு விலகாமல் இருக்கட்டும். முதலாளியிடம் முறைத்துக்கொண்டு வராதே, முறையாகச் சொல்லிவிட்டு வா. விட்ட அன்றைக்கே போன் பண்ண வேண்டாம், முதலில் நன்றாகத் தூங்கு.

உன் அம்மா,
ஹில்டா டொமினிக்