அரை நொடி அட்டவணை

அன்புள்ள கேப்டனுக்கு,

நான் உள்ளே போய்விட்டேன், நம் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஆடுகிற அந்தக் கண்ணாடி அறைக்குள்ளேயே போய்விட்டேன், நம் வாலுவை ஒரு கை தூரத்தில் நின்று பார்த்துவிட்டேன்!

இந்த வரியை ஒரு வருடமாக மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்து வைத்திருந்தேன். கடைசியில் பன்னிரண்டு ஆச்சரியக்குறி போடுவேன், நீ வழக்கம்போல 'ஒண்ணு போதும்டி, கண்ணு கூசுது' என்பாய் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு ஒன்றுக்கு மேல் போடக் கை வரவில்லை.

சாட்டில் எழுதினால் இரண்டு வரி படித்துவிட்டு ஒரு ஸ்டிக்கரைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய். செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் அனுப்பிய பதினாறு மெசேஜுக்கு அந்த ஸ்டிக்கர்கூட வரவில்லை. பார்த்துவிட்டாய் என்று மட்டும் காட்டுகிறது. அதனால்தான் கடிதம். முறைப்படி நலம் விசாரிக்க வேண்டும். நலமாக இருக்கிறாயா? புது ஊர், புது காலேஜ், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் பழகிவிட்டதா? நான் நலமாக இல்லை.

இன்று மாலை ஆறு மணிக்கு இதை நம் பக்கத்திலும் போடப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. 'அரை நொடி' ரசிகர் பக்கத்தை நடத்துவது நாம் இரண்டே பேர். பதினொன்றிலிருந்து பதினைந்து வயது வரை எட்டுப் பெண் பிள்ளைகளை ஒரு கம்பெனி பாட்டுக் குழுவுக்குத் தயார் செய்கிறது. அதில் ஒருத்திதான் நாம் வாலு என்று செல்லமாகக் கூப்பிடுகிறவள். அங்கே இருக்கிற மீடியா அண்ணன் வாரா வாரம் பயிற்சி வீடியோவை நமக்கு மட்டும் அனுப்புவார். நான் ஒவ்வொரு நொடியையும் இருபத்தைந்து படமாகப் பிரித்து, டான்ஸ் மாஸ்டர் ஆடியதோடு ஒட்டி வைத்து, எந்தப் பிள்ளை எத்தனை படம் பிந்துகிறாள் என்று எண்ணுவேன். நீ பிந்துகிற காலுக்குச் சிவப்பு வட்டம் போட்டு அட்டவணையாக்குவாய். எழுபதாயிரம் பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது என்று எவ்வளவு பீற்றியிருப்பேன்!

சரி, அறைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மீடியா அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போனார். வீடியோவில் தெரிவதைவிடச் சின்ன அறை. ஜன்னல் கிடையாது. தரையில் நிற்க வேண்டிய இடத்துக்கெல்லாம் கலர் டேப். மூலையில் எட்டுத் தண்ணீர் பாட்டில், பெயர் இல்லை, நம்பர்தான். எடை பார்க்கிற மெஷினை ஒரு துண்டால் மூடியிருந்தார்கள், விருந்தாளி வருகிறாள் என்று.

மீடியா அண்ணன் கையைத் தட்டி, 'பசங்களா, இவங்க யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்? இவங்கதான் அரை நொடி!' என்றார். கத்துவார்கள், ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள் என்று நான் கையைக்கூடக் கொஞ்சம் விரித்துவிட்டேன், வெட்கம்கெட்டவள். எட்டுப் பேரும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் நாம் செய்வோமே, அதே மாதிரி. பிறகு சிரித்தார்கள், எல்லோருக்கும் ஒரே அளவுச் சிரிப்பு. வாலு மட்டும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தேன். பிள்ளைகளின் கண் உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நம் அட்டவணைகள். கலர் பிரிண்ட். நம் லோகோ. உன் சிவப்பு வட்டம். அதன் பக்கத்தில் நான் ஆசை ஆசையாகப் போடுகிற குட்டி இதயம், 'இடது திருப்பத்துல கவனம் செல்லம்' என்கிற என் வரி. நாற்பது வாரத்துத் தாள்கள். சிலவற்றில் ஈரக் கை பட்டுப் பட்டு மை கலைந்திருந்தது.

டான்ஸ் மாஸ்டர் தங்கமாகப் பேசினார். 'நான் திட்டறதையே விட்டுட்டேன்மா, பாதி வேலை நீங்க பண்ணிடறீங்க. அழுதாங்கன்னா, மாஸ்டர் சொல்லலைடா, உங்க மேல உயிரையே வெச்சிருக்கறவங்க சொல்றாங்கன்னு இதைக் காட்டிருவேன்' என்றார். வட்டத்தில் இருக்கிற பிள்ளை அந்தத் தாளுக்கு எதிரே நின்று, பிந்திய அந்த ஒரு திருப்பத்தை முந்நூறு தடவை செய்ய வேண்டுமாம். செய்து முடித்தால்தான் மதியச் சாப்பாடு. இதை அவர் என்னைப் பாராட்டுவதற்காகச் சொன்னார், கேப்டன். நாற்பது வாரத்தில் முப்பத்தொரு வட்டம் வாலுவுக்கு. எனக்குத் தெரியாதா, எண்ணியவளே நான்தானே!

மீடியா அண்ணனுக்கு போன் வந்தது. வாலு தண்ணீர் பிடிக்கிற சாக்கில் என் பக்கம் வந்தாள். பன்னிரண்டு வயது என்கிறார்கள், பார்த்தால் ஒன்பதுதான் சொல்வாய். 'அக்கா, வட்டம் போடறது நீங்கதானே?' என்று கேட்டாள். ஆமாம் செல்லம் என்றேன், இளித்துக்கொண்டு. 'அடுத்த வாரம் எனக்குக் கொஞ்சம் சின்னதா போடறீங்களா? இல்லன்னா வேற யாருக்காவது...' என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பின்னால் திரும்பி மற்ற ஏழு பேரையும் ஒரு தடவை பார்த்தாள். 'வேணாம், அவங்களுக்கு வேணாம். எனக்கே போடுங்க. சின்னதா போடுங்க' என்றாள்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் உனக்கு. 'போன தடவை வந்த அக்காகிட்டயும் கேட்டேன். அவங்க சரின்னு தலையைத் தடவுனாங்க.'

போன தடவை போனது நீ.

நாலு மாதத்துக்கு முன்னால், ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய வாரம். உன்னிடம் எத்தனை கேள்வி கேட்டேன்! அறை எப்படி இருக்கும், வாலு குரல் நேரில் எப்படி இருக்கும், என்னைப் பற்றிச் சொன்னாயா? 'செம்ம ஜாலிடி' என்று ஒரு வரி, ஒரு குரூப் செல்ஃபி. அந்தச் செல்ஃபியைப் பெரிதாக்கி என் அலமாரிக் கதவில் ஒட்டினேன். நேற்று அதைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். உன் தோளுக்குப் பின்னால் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தாளின் மூலை தெரிகிறது. அதை நீ முழுதாகப் பார்த்திருக்கிறாய்.

திட்டித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அப்புறம் ஒன்று ஞாபகம் வந்தது. நீ போய் வந்த அடுத்த வாரம் வட்டம் மெல்லிசாக, மஞ்சள் கலரில் வந்தது. இரண்டு வாரம் அப்படியே வந்தது. அவளுக்குக் கொடுத்த வார்த்தையை உன்னால் முடிந்த அளவுக்குக் காப்பாற்றியிருக்கிறாய். 'வட்டமே தெரியலையே, என்னாச்சு' என்று கமெண்ட் வரத் தொடங்கியதும் பழையபடி தடித்த சிவப்புக்குப் போய்விட்டாய். அந்த முதல் கமெண்ட்டைப் போட்டவள் நான். 'டல்லடிக்குதுடி கேப்டன், தூக்கிக் காட்டு' என்று எழுதியிருக்கிறேன், இன்னும் அங்கேயே கிடக்கிறது. ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாமே! போனை எடுத்து, ஏய் லூசு, அதை வெச்சு அந்தப் புள்ளையைப் பட்டினி போடறாங்க என்று ஒரே ஒரு வார்த்தை. நான் நம்பியிருக்க மாட்டேன் என்று நினைத்தாயா? உன்னோடு சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் நம்பியிருப்பேன். உன்னைத் தவிர வேறு யாரை நான் நம்பினேன்?

இனி என் வீட்டுச் சேதி. என் அம்மா எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிற இடத்தில் பதினெட்டு வருடமாக உதவியாளராக இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் நான் வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவள், 'இந்தப் புள்ள நொண்டுதேடி' என்றாள். 'அய்யோ அம்மா, அது ஸ்டெப்பு' என்றேன். 'என்ன ஸ்டெப்போ, நொண்டுறதுக்கெல்லாம் கை தட்டறீங்க' என்று சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள். இருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி பிந்தினால் எனக்குத் தெரியும். ஒரு குழந்தை நொண்டுவது தெரியவில்லை. அவள் சாக்ஸுக்கு மேல் தோல் கலரில் கட்டு எட்டிப் பார்த்தபோதுகூட மீடியா அண்ணனிடம் கேட்டேனே. 'ஸ்டைலும்மா' என்றார். 'வாலுவின் புது ஸ்டைல்' என்று நானே ஒரு பதிவு போட்டேன். மூவாயிரம் லைக்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மேடை. எட்டில் ஐந்து பேரை எடுக்கப் போகிறார்கள். அதனால் இந்த வார வீடியோவை நேற்றே அனுப்பிவிட்டார்கள். பழக்கதோஷம், எண்ணிப் பார்த்தேன். வாலு பிந்தவே இல்லை. ஒரு படம்கூட. வழக்கமாக இருந்தால் தெருவே கேட்கிற மாதிரிக் கத்தியிருப்பேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு தடவை ஓட்டச் சொன்னாள். 'முன்னாடி அது காலைக் காப்பாத்திக்கிச்சு, அதான் லேட்டு. இப்போ மொத்த வெயிட்டையும் அதுலயே போடுது. உதட்டைக் கடிக்குது பாரு. இது சுளுக்கு இல்ல. எலும்புல கோடு விட்டிருக்கும்னு நெனைக்கிறேன், எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். இதோட மேடையில குதிச்சா உடைஞ்சிரும்டி' என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீடியா அண்ணனுக்கு போன் செய்தேன். 'நீங்க ஃபேனா, டாக்டரா?' என்று கேட்டார். பிறகு குரலைக் குழைத்து, 'இந்த வாரம் டேபிளைச் சீக்கிரம் போடுங்கம்மா, எல்லாரும் வெயிட்டிங்' என்றார். போட மாட்டேன் என்றேன். 'உங்க பக்கம் இல்லன்னா இன்னும் பத்துப் பக்கம் வரிசைல நிக்குது. அந்தப் பொண்ணு மேல அக்கறை இருந்தா நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க' என்று வைத்துவிட்டார். ஒரு வருடம் அவரை அண்ணா அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறேன்.

நேற்று மதியமே அம்மா லீவு சொல்லிவிட்டு என்னைக் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த அதிகாரி அம்மா பொறுமையாகக் கேட்டார். நம் அட்டவணைகளைக் காட்டினேன். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'கால் எங்கம்மா இருக்கு?' என்றார். உன் தடித்த வட்டத்தின் கோடு வாலுவின் தாள்களில் எல்லாம் சரியாக அந்தக் கணுக்கால் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வீக்கத்தையும் கட்டையும் நாமே அழகாக மறைத்து வைத்திருக்கிறோம். என் 'ஸ்டைல்' பதிவில் தெரிகிற கட்டு ஒரே ஒரு நாளுக்குத்தான் சாட்சி. இந்த வார வீடியோவில் கணுக்காலை மூடுகிற உயர ஷூ மாட்டிவிட்டார்கள், அதிலும் தெரியாது. 'வட்டம் போடாத வீடியோ கொண்டு வாங்க. எத்தனை மாசமா இப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஞாயித்துக்கிழமைக்குள்ள டாக்டரோட உள்ள போய் நிறுத்த முடியும். சனிக்கிழமை காலைல ஆபீஸ் திறப்பேன்' என்றார்.

வட்டம் போடாத ஒரிஜினல் எல்லாம் நம் பொதுப் பெட்டியில்தான், அந்த ஆன்லைன் சேமிப்பில்தான் இருக்கிறது. என் லேப்டாப்பில் இடமில்லை என்று வாரா வாரம் நான் அழித்துவிடுவேன், உனக்குத் தெரியும். ஓடி வந்து பெட்டியைத் திறந்தேன். முதல் பன்னிரண்டு வாரத்து வீடியோக்கள் இல்லை. சாயங்காலம் பார்த்தேன், மொத்தம் இருபது வாரத்துடையது இல்லை. மிச்சத்தை இறக்கப் பார்க்கிறேன், என் நெட்டில் ஒன்று இறங்கவே பாதி நாள் ஆகிறது. அந்தப் பெட்டிக்குச் சாவி இரண்டு பேரிடம்தான், கேப்டன்.

உனக்கு வெட்கம். எனக்கும்தான். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வரும்போது முதலில் எனக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு, எங்கேயாவது போய் யாருக்காவது புதிதாக விசிறியாகிவிடலாம் என்றுதான் தோன்றியது. அழித்தால் நம் பெயர் மட்டும்தான் போகும். கண்ணாடியில் ஒட்டிய தாள் அப்படியே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை குதிப்பாள்.

தயவுசெய்து அழிக்காதே. மிச்சம் இருபது வாரத்தை அப்படியே விடு. அழித்தது உன் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும், நீ எதையும் ஒரே இடத்தில் வைக்கிறவள் இல்லை. அனுப்பிவிடு. என்னிடம் பேச வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம். அவள் தலையைத் தடவிச் சரி என்று சொன்னாய் அல்லவா, அதற்காக அனுப்பு. நீ நன்றாகப் படி, உடம்பைப் பார்த்துக்கொள். உன் மேல் இருக்கிற கோபம் ஆறுவதற்கு நாளாகும். அதுவரைக்கும்கூட நீதான் என் கேப்டன்.

இப்படிக்கு,
அட்டவணை எண்ணிய உன் தோழி

பி.கு. இது நம் பக்கத்து எழுபதாயிரம் பேருக்கு: இந்த வாரம் அட்டவணை வராது, இனி எந்த வாரமும் வராது. மால் நிகழ்ச்சியில், கம்பெனி வாசலில், கார் கண்ணாடி வழியாக வாலுவை நீங்கள் எப்போதாவது போனில் எடுத்திருப்பீர்கள். தேடிப் பாருங்கள், தேதியோடு எனக்கு அனுப்புங்கள், இந்தக் கடிதத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் அம்மாவும் குழந்தைகள் நல அலுவலக வாசலில் நிற்போம், முடிந்தவர்கள் வாருங்கள். பேனர் வேண்டாம், கத்த வேண்டாம். நீங்கள் எடுத்த வீடியோவில் அவள் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இடது கால் தெரிந்தால் போதும்.