கேஸில் ஓடிய வண்டிக்குப் பெட்ரோல் காசு

என் ஆசை அக்காவுக்கு,

எங்களை விட்டு நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நான் ஓசூரில் அதே மத்திகிரி வாடகை வீடு, அதே கம்பெனி, அதே ஷிப்ட். நேற்று கேன்டீனில் கூட வேலை பார்க்கும் கோவிந்தராஜ் ஒரு கேள்வி கேட்டார். பெங்களூரில் பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம், பெட்ரோலிலும் ஓடும், கேஸிலும் ஓடும். ரெண்டு வருஷமாக நீங்களும் அந்த மாதிரி வண்டிதானே ஓட்டுகிறீர்கள், நிஜமாகவே செலவு மிச்சமாகிறதா என்றார். போன வருடமாக இருந்தால் அரை மணி நேரம் பிரசங்கம் செய்திருப்பேன். நேற்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கு உன்னிடம்தான் பதில் சொல்ல வேண்டும். ஊரார் படித்தாலும் படிக்கட்டும்.

அந்த வண்டியை வாங்கியபோது நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும். நாகரசம்பட்டிக்கு ஓட்டி வந்து, உன் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். கேஸ் கிட் போட்டது என்று மட்டும் சொல்லவில்லை. கேஸ் என்றால் மாமா பயப்படுவார் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெங்களூர் ஆஸ்பத்திரி. நான் இருக்கும்போது பஸ் எதற்கு என்று மார்தட்டினேன். முதல் தடவை கிளம்பும்போது மாமா சட்டைப் பையில் கைவிட்டு, "பெட்ரோலுக்கு எவ்ளோ ஆவும் மாப்ளே?" என்று கேட்டார். வேண்டாம் மாமா என்று சொல்லியிருக்க வேண்டும். மாந்தோப்புக் குத்தகையில் அந்த வருடம் அவருக்கு ஒன்றும் நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், பெட்ரோல் விலைக்கு ஒரு தொகையைச் சொல்லி வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் வாங்கினேன்.

உன் வாசலில் பெட்ரோலில் கிளப்புவேன். பெரிய ரோட்டில் ஏறியதும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சுவிட்சைத் தட்டி விலை குறைந்த கேஸுக்கு மாற்றுவேன். மாறும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும்.

"என்னாடா, வண்டிக்கு விக்கல் எடுக்குது?" என்றாய்.

ரோடு சரியில்லை அக்கா என்றேன். புதிதாகப் போட்ட நாலு வழிச் சாலை அது, வழவழவென்று கிடந்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

டிக்கியில் இருந்த கேஸ் டேங்கைப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தேன். உன் பையை வைக்க இடமில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். மருந்து ஏற்றிக்கொண்டு துவண்டு போய்த் திரும்பும்போதும் அது உன் மடியில்தான் இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது அக்கா.

மிச்சமாயிற்றா என்றால், டியூனிங், பிளக், ஃபில்டர், கேஸ் பங்க் தேடி அத்திப்பள்ளி தாண்டி அலைந்தது எல்லாம் போக, கம்பெனிக்குப் போய்வந்ததில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. மிச்சமானதெல்லாம் உன்னைக் கூட்டிப்போனதில்தான். அதை வைத்துப் புது சீட் கவர் போட்டேன். நீ உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்து, நல்லாயிருக்குடா என்றாய். நான் சிரித்தேன். எப்படித்தான் சிரித்தேனோ?

போன மாதம் உன் மகள் சுமதியைக் காலேஜில் சேர்க்க ஓசூருக்குக் கூட்டி வந்தேன். நல்லா மார்க் வாங்கியிருக்கிறாள், உன்னைப் போலவே பேசுகிறாள். பெரிய ரோட்டில் ஏறியதும் பழக்க தோஷத்தில் சுவிட்சைத் தட்டினேன். கேஸுக்கு மாத்திட்டீங்களா மாமா என்று சாதாரணமாகக் கேட்டாள். உனக்கு யார் சொன்னது என்றேன். அம்மாதான் என்றாள். வண்டி விக்கிய முதல் நாளே உனக்குத் தெரியுமாம்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். பின்னே ஏன் அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். நீ சொன்னதை சுமதி அப்படியே சொன்னாள்.

"கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு வரமாட்டான்டி. காசு வாங்கிக்கிட்டாவது வரட்டும். அவன்கூட உக்காந்து போறது எனக்கு நல்லாயிருக்கு."

நீ கேட்டிருந்தால் நான் வந்திருப்பேனா? வந்திருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. காசில்லாமல் பத்து தடவை பெங்களூருக்கு ஓட்டியிருப்பேனா, இல்லை ஷிப்ட் மாற்றித் தரவில்லை என்று போனில் சொல்லியிருப்பேனா? எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் என்னைக் கொல்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். சுமதி அப்பாவிடம் சொல்லவில்லையாம். மாமாவிடம் நானே என் வாயால் சொல்கிறேன். திட்டினால் நின்று வாங்கிக்கொள்வேன். அவர் திட்டாமல், முதலில் சாப்பிடு மாப்ளே என்று இலை போட்டுவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது. போட்டாலும், சொல்லி முடிக்காமல் உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

தலை குனிந்து,
உன் கூடப்பிறந்த தம்பி
முருகேசன்