குதிரைக்காரியின் கையில் துப்பாக்கி

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் கதவைத் திறந்து போட்ட மாதிரி இருக்கிறாள். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போனில் என் குரலே சரியில்லை என்றாய். அப்போது இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டிலும் இவர், வேலையிலும் இவர். மனம் விட்டு ஒரு வார்த்தை பேச எனக்கென்று ஓர் இடம் இல்லை. அதனால்தான் கடிதம்.

நாங்கள் நான்கு பேரும் பெரிய கம்பெனியை விட்டு வந்தது உனக்குத் தெரியும். அங்கே வருஷக்கணக்காக ஒரே துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமைப் பாகம் பாகமாகச் செய்து அலுத்துப்போயிருந்தோம். ப்ரோகிராம் எழுதும் இவர், கதை எழுதும் வாத்தியார், உருவங்களுக்கு அசைவு கொடுக்கும் நான், ஒலி சேர்க்கும் 'சத்தம்'. அவர் வாயே திறக்க மாட்டார், அதனால் அந்தப் பெயர். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்து, யாருமே சாகாத ஒரு வீடியோ கேம் செய்தோம். கண் தெரியாத குதிரையை ஒரு பெண் மலை தாண்டிக் கூட்டிப் போவாள், அவ்வளவுதான் விளையாட்டு. அவள் நடை பிடிபடுவதற்காக நானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடப்பேன். குதிரையாக 'சத்தம்' பின்னால் வருவார். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே செய்த வேலை அது. விளையாடியவர்களும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

அடுத்த பாகத்துக்கு முதல் போட்டவர் கையில்தான் எங்கள் ஸ்டூடியோவின் பெரும்பங்கு இருந்தது. அதை அவர் பெரிய கம்பெனிக்கே விற்றுவிட்டார். செய்தியைப் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். மறுநாள் பழைய மேலாளர் பூங்கொத்தோடு படியேறி வந்தார். "நீங்க எங்கயும் போயிடலப்பா. கொஞ்சம் காத்து வாங்கப் போயிருந்தீங்க, அவ்வளவுதான்" என்றார். அந்த வாரமே மாடி அறைகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்போது பழைய கட்டடத்தில், ஜன்னல் திறக்க முடியாத அதே தளத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இவருக்குப் பழைய மேஜையே கிடைத்திருக்கிறது. இழுப்பறை அன்றைக்குப் போலவே பாதியில் சிக்கிக்கொள்கிறது.

அதன் பிறகுதான் உத்தரவு வந்தது. குதிரைக்காரி கையில் துப்பாக்கி வேண்டுமாம்.

வாத்தியார் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். மேலாளர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். எங்களை நம்பி வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளையெல்லாம் கூட்டி நிற்கவைத்தார். "இந்த நாலு பேர்ல ஒருத்தர் போனாலும் ஒப்பந்தப்படி ஸ்டூடியோவ மூடிடுவோம். உங்க வாத்தியார் கிளம்புறாராம். என்ன ஏதுன்னு அவரையே கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒருவரும் கேட்கவில்லை, அக்கா. கேட்டிருந்தால்கூடத் தேவலை. வண்ணம் தீட்டும் பெண்ணுக்கு நிறைமாதம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாத்தியார் போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கி வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

துப்பாக்கி தூக்கும் அசைவு என் பங்கு. சுடுவதற்கு முன் அவள் ஒரு கணம் தயங்குகிற மாதிரி வைத்தேன். மேலாளர் கண்ணுக்கு அது தப்பவில்லை. "இது எதுக்கும்மா? பட்டனை அழுத்தினா சுடணும்" என்றார். எடுத்துவிட்டேன். இப்போது பிசிறில்லாமல் சுடுகிறாள். நன்றாக வந்திருக்கிறது, அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவர் திரையைப் பார்த்துவிட்டு, "குதிரை பயந்துக்காதா?" என்று மட்டும் கேட்டார். குதிரைக்குப் பயம் வைக்கச் சொல்லவில்லை என்றேன்.

இதை முடித்துக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதே. அதற்கடுத்த பாகத்துக்கும் படம் வரைய ஆரம்பித்தாயிற்று. முன்பெல்லாம் இவர் வீட்டுக்கு வந்து கத்துவார். இப்போது அதுவும் இல்லை. குட்டி விளையாடக் கூப்பிட்டால், "அப்பாவுக்கு விளையாட்டு போதும்டா" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகிறார்.

உங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள், மூவரும் வந்து இருங்கள், வேலையை மெல்லப் பார்த்துக்கொள்ளலாம் என்று போன மாதம் எழுதியிருந்தாய். இவர் படித்தார், மடித்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆகட்டும் என்றார். ஆகிவிட்டது, பெண் குழந்தை. இப்போது ஸ்டூடியோவில் ஒரு பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அதுவும் முடியட்டும் என்கிறார். யாருக்காவது ஏதாவது இருந்துகொண்டேதான் இருக்கும்.

வர முடியாது என்று இவரே உனக்கு எழுதுவார். சரி என்று பதில் போடு. வருத்தப்பட்டு எதுவும் எழுதிவிடாதே, அவருக்குத் தாங்காது. அத்தானிடமும் அப்படியே சொல்லிவிடு. அந்த அறையை மட்டும் யாருக்கும் வாடகைக்கு விட்டுவிடாதே, அக்கா.

என்றும் உன் அன்பை நம்பியிருக்கும்
தங்கை