தப்பான வரைபடமும் உனது, நல்ல பெயரும் உனது

இன்று காலை சேலத்தில், நாம் வழக்கமாக வரைபடம் அச்சிடும் கடைக்குப் போயிருந்தேன். ஒரு பேரூராட்சியின் குடிநீர்க் குழாய் வரைபடம். பெரிய இயந்திரத்திலிருந்து தாள் மெல்ல இறங்க இறங்க, அந்தச் சூடான மை வாசனை வந்தது. கடைக்காரர் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்த மேடம் இருந்தா இந்தப் பச்சையப் பாத்து ஒரு சொல்லு சொல்லாம உட மாட்டாங்க. அவங்க போனதுக்கப்புறம் கடையே வெறிச்சுன்னு ஆயிப்போச்சுங்க" என்றார்.

எதிரில் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அந்தக் கடைக்கு உனக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தவள் நான். உன்னை அங்கே கூட்டிப்போனதே நான்தான். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, கடை இன்னும் உன்னுடையதாகவே இருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பழைய வயிற்றெரிச்சல். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? மன்னிப்புக் கேட்க எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. பொறாமைப்பட்டதைத் தவிர உனக்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

கல்லூரியில் புவியியல் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்தில் மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். படித்து முடித்து நீ ஐதராபாத்துக்கு வேலைக்குப் போனாய். நான் கம்பெனி வேலையை விட்டு நாமக்கல்லுக்கு வந்து தனியாக ஜி.ஐ.எஸ். தொழில் தொடங்கினேன். செயற்கைக்கோள் படத்தையும் நில அளவையையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தண்ணீர் எங்கே ஓடும், ரோடு எங்கே போகலாம் என்று சொல்லும் வேலை. அது என்ன வேலை என்று இங்கே யாருக்கும் விளங்கவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் திருச்செங்கோட்டு உறவினர்கள், "அப்ப எங்க போர் போட்டா தண்ணி வருமுன்னு சொல்லிப்போடு" என்றார்கள். கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி, பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன் என்று கேட்டு, ஒருவழியாக நான் நிலைத்து நின்றபோது நீ ஊர் திரும்பினாய். தனியாகச் சமாளிக்க முடியவில்லை, வா என்று அழைத்ததும் நானே. ஒரு வருடம் ஆவதற்குள், என்னைத் தேடி வந்தவர்கள் உன்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

நம் முதல் கூட்டு வகுப்பு உனக்கு நினைவிருக்கும். உருண்டையான பூமியை எப்படித் தட்டையான தாளில் கொண்டுவருவது என்று காலை முழுவதும் நான் விளக்கினேன். பிள்ளைகள் கொட்டாவியை மறைத்துக்கொண்டு எழுதினார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் நீ எழுந்து, "அவங்கவங்க ஊட்டுக் கூரையக் கண்டுபுடிங்க பாக்கலாம்" என்றாய். அவ்வளவுதான். இளம்பிள்ளையிலிருந்து வந்த ஒரு பெண், செயற்கைக்கோள் படத்தில் அவர்கள் தறிக் கொட்டகையின் தகரக் கூரையைக் கண்டுபிடித்துவிட்டு, "இது எங்க ஊடுங்க மேடம், கொடியில காயறது எங்க பாவு நூலாட்டம் இருக்குதுங்க" என்று அறை முழுக்க எல்லோரையும் இழுத்து வந்து காட்டினாள். படத்தில் நூலெல்லாம் தெரியாது. நான் அதைச் சொல்ல வாய் திறந்தேன், நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

ஆனால் என்னை நிஜமாக எரித்தது அந்த வேலூர்ச் சமாச்சாரம்தான்.

பரமத்தி வேலூர் பக்கம் ஆற்றங்கரையில் அந்த ஊர். மேட்டூரில் உபரி நீர் திறந்துவிட்டார்கள், காவிரி ஏறிக்கொண்டிருந்தது. எந்தத் தெருவுக்குள் முதலில் தண்ணீர் புகும் என்று அதிகாரிகள் நம் இருவரையுமே கேட்டிருந்தார்கள். நீ தெருத் தெருவாக நடந்து, முன்பு வெள்ளம் எதுவரை வந்தது என்று ஆட்களைக் கேட்டு உன் வரைபடத்தைப் போட்டாய். நான் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து என்னுடையதைப் போட்டேன். ஒரே ஒரு இடத்தில் இரண்டும் முட்டிக்கொண்டன. பள்ளிக்கூடத் தெரு மேடு, பயமில்லை என்றது உன் வரைபடம். கரையோரத்துக் குடும்பங்களை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தங்கவைக்க இருந்தார்கள். என் கணக்கோ வேறு சொன்னது: ரோட்டை உயர்த்திப் போட்டபின் வாய்க்கால் தண்ணீர் வடிய வழியில்லை, ஆறு ஏறினால் அது பின்பக்கமாகத் திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குள் வரும்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். நான் எழுந்து சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா, "அந்த அம்மிணி எங்க தெருவெல்லாம் நடந்து பாத்துச்சுங்க. நீங்க பொட்டில பாத்துட்டுச் சொல்றீங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதிகாரியும் உன்னைத்தான் பார்த்தார்.

நீ என் வரைபடத்தை மேசைமேல் விரித்துக் குனிந்து பார்த்தாய். அந்த வாய்க்காலின் மேல் விரலை ஓட்டினாய். பிறகு நிமிர்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னாய்: "என்னோடது தப்புங்க. இவ சொல்றதுதான் சரி. பள்ளிக்கூடத்துல யாரையும் தங்க வெக்காதீங்க."

உடனே ஊர் கிளம்பியது. நான் தொண்டை வறளச் சொன்னபோது அசையாதவர்கள், நீ ஒரு தடவை சொன்னதும் பாத்திரம் பண்டத்தோடு நாமக்கல் ரோட்டுப் பக்கம் மேட்டுக்கு நடந்தார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் பெஞ்சு மூழ்கத் தண்ணீர் நின்றது. அந்தப் பெரியம்மா வந்து உன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னதால பொழச்சோம் சாமி." "நான் சொல்லலீங்க, இவதான் சொன்னா" என்றாய் நீ. "பெருந்தன்மையப் பாரு" என்று அதற்கும் உன்னையே மெச்சினார்கள்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கரும்புக் காடெல்லாம் தண்ணீரில் நின்றது. நீதான் ஆரம்பித்தாய்.

"ஏன்டி மொகரையத் தூக்கி வெச்சிருக்கற?"

"தப்பாப் போட்டவ நீ. நல்ல பேரு வாங்குனவளும் நீ."

நீ சிரித்தாய். "உனக்கு வயிறு எரிஞ்சாத்தான்டி மேப்பு சுத்தமா வருது. எரியட்டும் உடு."

உன்மேல் எனக்கிருந்த கோபங்களிலேயே பெரியது அந்தச் சிரிப்பின் மேல்தான். ஆனால் நீ சொன்னது பொய்யில்லை. அந்த வாய்க்காலை நான் திரும்பத் திரும்ப அளந்தது, உன் வரைபடத்தில் எங்காவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்றுதான்.

பிறகு உன் உடம்புக்கு வந்தது. சேலம் ஆஸ்பத்திரியில், மாலை வெயில் உன் கட்டிலில் விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "உனக்கு எப்பவாச்சும் எம்மேல பொறாமை வந்திருக்குதா?"

நீ உண்மையாகவே யோசித்தாய். "இல்லடி."

"ஒரு தடவ கூடவா?"

"ஏன், பொய் சொல்லோணுமா?"

"சொல்லேன்" என்றேன். நீ சிரித்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். கடைசிவரை நீ அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

சென்ற மாதம் ஒன்று நடந்தது. சேந்தமங்கலம் பக்கம் மலையடிவார ஓடைகளை வரைபடமாக்கும் வேலையை நானும் இன்னொருவரும் கேட்டிருந்தோம். பெரும்பகுதி அவருக்குப் போய்விட்டது, எனக்கு ஒரு மூலை. வயிறு எரியும் என்று காத்திருந்தேன். எரியவில்லை. போன் செய்து வாழ்த்துச் சொன்னேன், மனதாரத்தான். போனை வைத்தபின் பயமாக இருந்தது. எனக்குள் ஏதோ அணைந்துவிட்டது என்று தோன்றியது.

நேற்று, நீ பாதியில் விட்டுப்போன வகுப்பில் என் ஓடை வரைபடத்தைத் திரையில் காட்டினேன். ஒரு மாணவி கொஞ்சம் தயங்கி, "நல்லாருக்குதுங்க மேடம். அந்த மேடமா இருந்தா ஒவ்வொரு ஓடைக்கும் என்ன பேருன்னு கேட்டு எழுதியிருப்பாங்க" என்றாள்.

சுள்ளென்று எரிந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? வேறு யார்மேலும் வராதது, உன் பேரைக் கேட்டதும் பற்றிக்கொள்கிறது. நீ எனக்கென்று விட்டுப்போனது இதுதான் போலிருக்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

நாளை விடிந்ததும் சேந்தமங்கலம் பஸ் ஏறுகிறேன். ஓடை ஓடையாக நடந்து, கரையில் காடு உழுகிறவர்களிடம் பேர் கேட்டு எழுதப்போகிறேன். உன்னாலும் கேட்டு வாங்க முடியாத ஒரு பேராவது அதில் இருக்கும், பார்த்துக்கொண்டே இரு.